‘ஆர்வி போய்விட்டது’: ஓ.சி.எஸ். பழைய ஆட்களோடு ஒரு பயணம்

வியாழன் இரவு, ரயிலில்

ஞாயிற்றுக்கிழமை மும்பையில் எங்கள் பழைய ஆட்கள் கூடுகிறார்கள். விமானத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ரயிலில்தான் போக வேண்டும் என்று டெலக்ஸ் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். வழியில் தௌண்டு வருகிறதாம், அங்கே இறங்கி ஒரு கும்பிடு போட வேண்டுமாம். எண்பதைத் தாண்டியவரிடம் வாதாடி என்ன ஆகப்போகிறது? அவர், அவர் மனைவி, நான் என்று கிளம்பிவிட்டோம். எழுபதைத் தாண்டிய நான்தான் இந்தக் கூட்டத்தில் சின்னப் பெண்.

ஓ.சி.எஸ். என்றால் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஓவர்சீஸ் கம்யூனிகேஷன்ஸ் சர்வீஸ். அதுவரை கம்பெனியார் நடத்திவந்த வெளிநாட்டுத் தந்தி, தொலைபேசித் தொடர்புகளை 1947 ஜனவரி 1 அன்று அரசு எடுத்துக்கொண்டபோது பிறந்த துறை. 1986 ஏப்ரல் 1 அன்று அதையே விதேஷ் சஞ்சார் நிகம், அதாவது வி.எஸ்.என்.எல். ஆக்கினார்கள். முட்டாள்கள் தினத்தில் பெயர் வைத்தால் விளங்குமா என்று அன்றைக்கு கேன்டீனில் அடித்த கேலி இன்னும் ஓயவில்லை. 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டதும் அந்த வி.எஸ்.என்.எல்.தான். அதைச் சொன்னால்தான் என் பேரனுக்கு நான் எங்கே வேலை பார்த்தேன் என்பதே புரிகிறது.

அந்த அலுவலகத்தில் மூன்று ஜாதி உண்டு. தந்தி, டெலக்ஸ் ஆட்கள் ஒரு ஜாதி; டெலக்ஸ் என்றால் ஒரு முனை இயந்திரத்தில் தட்டியது மறுமுனையில் அச்சாகி வரும். நாங்கள் தொலைபேசிக்காரர்கள், எங்களில் பெண்கள் அதிகம். மூன்றாவது டெக்னிக்கல். அவர்கள் எப்போதும் எங்கேயோ ஒரு மலையடிவாரத்திலோ கடலோரத்திலோ இருப்பார்கள், முகமே தெரியாது. நான் 1974-இல் பம்பாய் வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். லைன் செத்துப்போனால் மேற்பார்வையாளர் எங்கள் வரிசைக்குப் பின்னால் நடந்துகொண்டே ‘ஆர்வி போய்விட்டது’ என்பார். நாங்களும் காத்திருக்கும் ஆளிடம் ‘தொழில்நுட்பக் கோளாறு, சற்றுப் பொறுங்கள்’ என்போம். எனக்கு ஆர்வி என்பது அவ்வளவுதான். புனேக்கு வடக்கே, எங்கள் செயற்கைக்கோள் தரை நிலையம் உள்ள அப்படி ஓர் ஊர் இருக்கிறது, அங்கே சாப்பிட்டுத் தூங்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இருந்ததில்லை. இந்த முறை அதைப் பார்த்துவிடுவது என்று முடிவு. நான் வந்ததே அதற்குத்தான். கூட்டம், சாப்பாடு, பொன்னாடை எல்லாம் பிறகு.

ரேணிகுண்டா தாண்டியதும் டெலக்ஸ் அண்ணன் தன் டைரியிலிருந்து ஒரு மஞ்சளடித்த காகித நாடாவை எடுத்தார். விரலளவு அகலம். நடுவில் பொடித் துளைகள் ஒரே வரிசையாக ஓடுகின்றன; அவை நாடாவை இழுக்கும் பல்சக்கரத்துக்கு. அதற்கு ஒரு புறம் இரண்டு, மறுபுறம் மூன்று என்று பெரிய துளைகளுக்கு ஐந்து இடங்கள். எதிர்ப் படுக்கைச் சிறுவன் ஓடி வந்து ஒட்டிக்கொண்டான். அண்ணன் கண்ணை மூடி, நாடாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக இழுத்தார்.

“என்ன தாத்தா எழுதியிருக்கிறது?”

“ஆர், ஒய், ஆர், ஒய், ஆர், ஒய்.”

ரகசியச் செய்தியை எதிர்பார்த்த பையன் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் விஷயம் அதில்தான் இருக்கிறது. ஆர் எழுத்துக்கு இரண்டாவது, நான்காவது இடங்களில் துளை. ஒய்க்கு ஒன்று, மூன்று, ஐந்தில். ஒன்றில் துளை விழுந்த இடமெல்லாம் மற்றதில் மூடியிருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி அனுப்பினால் இயந்திரத்தின் ஒவ்வொரு கரமும் ஓயாமல் மேலும் கீழும் ஆட வேண்டும். எங்காவது பிசகு இருந்தால் அப்போதே பல்லிளித்துவிடும். லைன் கிடைத்ததும் முதலில் ஓடவிடுவது இதைத்தான். “உலகம் முழுக்க என் காலத்து டெலக்ஸ்காரன் எவனை எழுப்பிக் கேட்டாலும் ஆர்ஒய் என்றால் சிரிப்பான்” என்றார். அக்கா, அதாவது அவர் மனைவி, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தூக்கத்திலும் இதைத்தான் சொல்வார்” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

வெள்ளி, தௌண்டு – புனே

தௌண்டு பெரிய ஜங்ஷன். மணமகன் வீட்டார் போல ஆளுக்கொரு மூட்டையோடு இறங்கினோம். நடைமேடையில் வடாபாவ், டீ. டெலக்ஸ் அண்ணன் எந்தத் திசை என்று தெரியாமல் நான்கு திசைக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார்.

ஏன் தௌண்டு? 1927 ஜூலை 23 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே சிற்றலைக் கற்றை முறைத் தந்தியை, அதாவது ரேடியோ அலையை ஒரே திசையில் குவித்து அனுப்பும் கம்பியில்லாத் தந்தியைத் தொடங்கிவைத்தார். அனுப்பும் நிலையம் புனேக்கு அருகே கட்கியில்; வெள்ளைக்காரன் நாக்கில் கிர்க்கி. பெறும் நிலையம் இங்கே தௌண்டில். அந்தப் பக்கத்தில் கிரிம்ஸ்பியில் அனுப்பினார்கள், ஸ்கெக்னஸில் வாங்கினார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்று நான் கேட்டேன். அண்ணன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பக்கத்திலேயே பல கிலோவாட் சக்தியோடு ஒருவன் கத்திக்கொண்டிருந்தால், ஆறாயிரம் ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வரும் முணுமுணுப்பு காதில் விழுமா? அதனால்தான் இவ்வளவு தூரம் தள்ளி வைத்தார்களாம்.

அதுவரை வெளிநாட்டுத் தந்தி என்றால் பெரும்பாலும் கடலடிக் கேபிள்தான். 1870-இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் பம்பாயிலிருந்து ஏடனுக்கு இழுத்த கேபிள். அதற்கு அடுத்து நம் மதராஸிலிருந்து பினாங்குக்கு இழுத்தது. இந்தச் சிற்றலை வந்தபின் கேபிள் கம்பெனிகளுக்குப் பிழைப்பு ஆட்டம் கண்டது. விலை குறைவு, வேகம் கூடுதல். கடைசியில் லண்டனில் இரண்டு தரப்பையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். இந்தியாவிலும் ரேடியோவும் கேபிளும் ஒரே கம்பெனி ஆயின. அந்தக் கம்பெனியைத்தான் 1947-இல் அரசு எடுத்தது. ஆக, எங்கள் குலத்துக்கு மூதாதையர் ஊர் இந்தத் தௌண்டு. அண்ணனின் கும்பிட்டுக்கு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் சிற்றலைக்குக் குணம் நிலையாக இராது. வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வர வேண்டிய அலை அது. பகலில் ஓர் அலைவரிசை எடுபடும், இரவில் வேறொன்று. சூரியனில் கொந்தளிப்பு என்றால் எதுவும் எடுபடாது. நான் சேர்ந்த காலத்தில் பெரிய நாடுகளுக்கெல்லாம் செயற்கைக்கோள் வழி வந்துவிட்டது. சில்லறை நாடுகள் சிலவற்றுக்கு மட்டும் இன்னும் ரேடியோ. அந்த லைனில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும், அலையடித்துப் பெருகும், சட்டென்று வற்றும். ‘பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள்’ என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டிப்போயிருக்கிறது.

மாலையில் புனே வந்து சேர்ந்தோம். நகருக்கு வடக்கே திகியில் எங்கள் துறையின் பழைய நிலம் கிடக்கிறது. ஒரு காலத்தில் ஆன்டெனாக் கம்பங்களுக்கு இடம் வேண்டுமென்று ஊர் ஊருக்கு வளைத்துப் போட்டார்கள். 2002-இல் அரசு கம்பெனியின் பங்குகளில் கால்வாசியை டாடா குழுமத்துக்கு விற்றபோது, உபரி நிலம் மட்டும் 773 ஏக்கர் என்று கணக்கு வந்தது. புனே, கொல்கத்தா, டெல்லி, நம் சென்னைக்குப் பக்கத்துப் பாடியநல்லூர். அந்த நிலத்தை விற்பனையில் சேர்க்கவில்லை. அதை என்ன செய்வது என்ற பேச்சு பல ஆண்டு இழுத்து, கடைசியில் தனி அரசுக் கம்பெனிக்குக் கைமாறியது. ஆட்களைப் பற்றிய பேச்சு அவ்வளவு நாள் நடந்ததாக நினைவில்லை.

சனி, நாராயண்காவ் – ஆர்வி

காலை ஆறு மணிக்கு ஆர்விக்காரர் வண்டியோடு வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். புனேயிலேயே வீடு கட்டி, மராத்தியில் கனவு காணும் அளவுக்கு ஊறிவிட்டார். ஆர்வியில் இருபது வருடத்துக்கு மேல் டெக்னிக்கல் வேலை. மும்பைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறார், நானும் வந்திருக்கிறேன். இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஜாதி அப்படி.

நாசிக் சாலையில் வடக்கே போக வேண்டும். பிப்ரவரி என்பதால் இரு பக்கமும் திராட்சைப் பந்தல். நாராயண்காவில் தமாஷா என்ற மராத்திய நாட்டுப்புற ஆட்டக் குழுக்களின் கூடாரங்களைக் காட்டினார். வருடாவருடம் கிராமத்துத் திருவிழாக்களுக்கு இங்கே வந்துதான் ஆட்டக்காரர்களைப் பேசி முடிப்பார்களாம். இரவுப் பணி இல்லாத நாளில் ஆர்வி ஊழியர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போகும் வழியில் கோடத் பக்கம் பிரம்மாண்டமான கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. இவை எங்களுடையவை அல்ல. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிய வானொலித் தொலைநோக்கி. ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவு, மொத்தம் 30. கிட்டப் போய்ப் பார்த்தால் கிண்ணத்துக்கு உடம்பே இல்லை, வெறும் கம்பி வலை. அதன் வழியே வானம் தெரிகிறது. விண்மீன்களிடமிருந்து இவை வாங்குவது நீளமான அலைகளை. வலையின் பொடிக் கண் வழியே அவை நழுவுவதில்லை. காற்றுக்கு மட்டும் வழி விடும், செலவும் குறையும். “எங்கள் டிஷ் அப்படியில்லை மேடம். முழுத் தகடு. எங்கள் அலை ஏழெட்டு சென்டிமீட்டர்தான். வளைவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால்கூட வித்தியாசம் தெரியும்” என்றார். குரலில் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பங்காளிக் காய்ச்சல்.

விண்மீன் பார்ப்பவர்களும் செயற்கைக்கோள்காரர்களும் இதே வட்டாரத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் கண்ணால் பார்த்தாலே புரிகிறது. சுற்றிலும் குன்றுகள். நகரத்தின் ரேடியோ இரைச்சலை அவை தடுத்துவிடுகின்றன. விக்ரம் சாராபாய் முன்னின்று அணுசக்தித் துறை ஆட்களைக் கொண்டு கட்டிய நிலையம் ஆர்வி. 1971-இல் வேலைக்கு வந்தது. அந்த ஆண்டின் டிசம்பரில் சாராபாய் காலமானார். நிலையத்துக்கு விக்ரம் என்று அவர் பெயரே நிலைத்தது.

வாசலில் காவலாளி மரியாதையாகவே பேசினார். தலைமை அலுவலகக் கடிதம் இல்லாமல் உள்ளே விட முடியாது. ஆர்விக்காரர் தன் பழைய அடையாள அட்டையைக் காட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் அரும்பு மீசையோடு ஒரு பையன். காவலாளி அந்தப் படத்தையும் இவர் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலி கொண்டுவந்து போட்டு, தண்ணீர் கொடுத்தார். கதவை மட்டும் திறக்கவில்லை. அது அவர் கடமை. மரங்கள் அடர்ந்து நிற்பதால் வாசலிலிருந்து ஒன்றும் தெரியவும் இல்லை. அவ்வளவு தூரம் போய் நான் ஆர்வியைப் பார்த்தது இவ்வளவுதான்: ஒரு கேட், ஒரு வேப்பமரம், குன்றுகள்.

ஆனால் அந்த வேப்பமரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அது போதும்.

டிஷ் ஏறக்குறைய 30 மீட்டர் குறுக்களவு என்று சொல்லத் தொடங்கினார் ஆர்விக்காரர். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும், பல நாடுகள் சேர்ந்து நடத்திய இன்டெல்சாட் அமைப்பின் செயற்கைக்கோளைத் தென்மேற்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். நிற்கும் என்பது பேச்சுக்குத்தான். அது தன் இடத்தில் எட்டுப் போடுவதுபோல் மெல்ல அலையும். டிஷ் பிடிக்கும் கற்றையோ நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். கொஞ்சம் விலகினால் போயிற்று. ஆகவே அந்தப் பெரிய இரும்புக் கிண்ணம் இரவும் பகலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். புயற்காற்று அடித்தால் கிண்ணத்தை நேர் மேலே வானத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்திவிடுவார்கள். காற்றைப் பிடிக்காமல் இருக்க. அந்த நேரத்தில் லைன் இருக்காது.

“அப்போதுதான் எங்கள் மேற்பார்வையாளர் ‘ஆர்வி போய்விட்டது’ என்பார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “மேடம், அப்படிப் போனது மிகக் குறைவு. கரன்ட் போகும், டீசல் ஓடும். பாதி நேரம் கோளாறு எங்களிடம் இல்லவே இல்லை. இங்கிருந்து பம்பாய்க்கு வருகிற தரைவழி இணைப்பில். மலையில் மழை கொட்டினால் அங்கே ஏதாவது ஆகும். பெயர் மட்டும் எங்களுக்கு.”

எத்தனை வருட மனத்தாங்கல் அது! எனக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை மாற்ற, சூரியனைப் பற்றிக் கேட்டேன். மார்ச்சிலும் அக்டோபரிலும் சில நாள், பட்டப்பகலில், குறிப்பிட்ட நிமிடத்துக்கு லைன் முழுக்க இரைச்சலாகிவிடும். எங்களுக்கு முன்கூட்டியே நேரப் பட்டியல் வரும். சூரியத் தடை என்பார்கள், விளக்கம் எல்லாம் கிடையாது. அவர் குச்சியால் மண்ணில் வரைந்தார். டிஷ், அதற்கு நேரே செயற்கைக்கோள், அதற்கு நேர் பின்னால் சூரியன். வருடத்தில் இரண்டு பருவங்களில் மூன்றும் ஒரே கோட்டில் வரும். செயற்கைக்கோளின் மெலிந்த குரலுக்குப் பின்னால் நின்று சூரியன் ரேடியோ அலைகளில் அலறுவான். டிஷ்ஷுக்கு இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சில நிமிடத்தில் சூரியன் நகர்ந்ததும் சரியாகிவிடும். சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நேரத்துக்குப் போகும் ஒரே கோளாறு இதுதான் என்றார். இவ்வளவு சுலபமான விஷயத்தை அன்று ஒருவர் வந்து இருபது பெண்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

பிறகு நான் சாதாரணமாக ஒன்று கேட்டேன். “சார், உங்களுக்கு நாங்கள் பேசுவது கேட்குமா?”

“ஒன்றும் கேட்காது. நூற்றுக்கணக்கான பேச்சை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே அலையில் ஏற்றியிருக்கும். எங்களுக்கு முள்தான். அளவுமானியில் முள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் நாடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடத்தில் ஒரு ஹலோகூட நான் கேட்டதில்லை.”

டெலக்ஸ் அண்ணன்கூட வாயடைத்துப் போனார்.

நான் கேட்டவற்றை அவருக்குச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆபரேட்டர் காதில் விழுந்ததை வெளியே சொல்லக் கூடாது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் அன்று அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஓய்வு பெற்றாலும் நாக்குக்கு அந்தப் பழக்கம் போவதில்லை. நான் சொன்னதை மட்டும் சொன்னேன். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை. வளைகுடாவுக்கு ஆட்கள் போகத் தொடங்கிய காலத்தில் வெள்ளிக்கிழமை வந்தால் போர்டு முழுக்க விளக்குகள் எரியும், அங்கே அன்றுதான் விடுமுறை. ஒவ்வொரு புதுக் குரலுக்கும் நான் சொல்வேன்: “நீங்கள் பேசியதும் உடனே பதில் வராது. பயப்படாதீர்கள், லைன் அறுந்துவிடவில்லை. ஒரு மூச்சு பொறுங்கள்.” குரல் மேலே போய்க் கீழே வரக் கால் நொடி, பதில் திரும்ப இன்னொரு கால் நொடி. அரை நொடி மௌனம் மனிதர்களை என்ன பாடு படுத்தும் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கோபமாக இருக்கிறாரோ, மறந்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்தவர்கள். அதில் ஒரு நிமிடம் இப்படியே போகும். இரண்டு பக்கமும் ஆள் வந்து பேச்சு ஓடத் தொடங்கியதும் நான் போர்டின் சாவியை, அதாவது ஸ்விட்சைத் தட்டி விலகிவிட வேண்டும். எல்லாப் பேச்சுக்கும் முதல் இரண்டு வாக்கியம்தான் எனக்குச் சொந்தம்.

“அந்தக் கால் நொடி எங்கள் குற்றமில்லை” என்றார் ஆர்விக்காரர். இப்போது சிரித்தார்.

வரும் வழியில் சிவநேரிக் கோட்டையைத் தூரத்தில் காட்டினார்கள். சிவாஜி பிறந்த இடம். ஏற முழங்கால் இல்லை.

ஞாயிறு, மாட்டுங்கா

கூட்டம் மாட்டுங்காவில் ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில். தமிழர்கள் அதிகம், மராத்தி, மலையாளம், பார்சி, கோவாக்காரர் எல்லாம் உண்டு. வாசலில் ரவா இட்லி வாசனை.

முதலில் காலமானவர்களின் பெயர்ப் பட்டியல். அது போன தடவையைவிட நீளம். பிறகு ஓய்வூதியம், மருத்துவச் செலவு. இந்தப் பகுதியில் எல்லாரும் இளமை திரும்பிச் சண்டை போட்டார்கள்.

அதன்பின் மேடையில் வரலாறு. 1927, 1947, 1971, 1986 என்று ஆண்டுகள் உருண்டன. டிஷ்ஷின் விட்டம் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மதராஸுக்கும் பினாங்குக்கும் போட்ட 480 சர்க்யூட் கடலடித் தொலைபேசிக் கேபிள் வந்தது. 1994-இல் மும்பையில் கரையேறிய சீ-மீ-வீ 2 கண்ணாடியிழைக் கேபிள் வந்தது. ஆபரேட்டர்கள் ஒரே ஓர் இடத்தில் வந்தோம், கேன்டீனுக்கு அடுத்து. எல்லாத் துறை வரலாறும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. கம்பிக்கு இருக்கும் மரியாதை காதுக்கு இல்லை.

என் பழைய மேற்பார்வையாளர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். தொண்ணூறை நெருங்கும் மராத்தி அம்மா. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர். வெளிநாட்டு ஆபரேட்டரை அழைக்கும்போது முதலில் மொழி எண் போட வேண்டும். பிரெஞ்சுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. வரும் அழைப்பைக் கவனிக்கும் ஆபரேட்டர் வேண்டுமென்றால் குறியீடு 11. காத்திருக்கும் அழைப்புகளைக் கவனிப்பவர் 12. இதைப் பெருக்கல் வாய்ப்பாடு போல ஒப்பிக்கச் செய்வார். நேற்று நான் ஆர்வி போய் வந்ததைச் சொன்னேன். பாதி நேரம் கோளாறு தரைவழி இணைப்பில் என்பதையும் சொல்லி, ஆர்விக்காரரைக் கையோடு அழைத்து வந்து நிறுத்தினேன்.

அவரை மேலும் கீழும் பார்த்தார். “எனக்குத் தெரியும்” என்றார். “ஆனால் அந்த இணைப்புக்கு என்ன பெயர் சொல்வது? ஆர்வி என்றால் மூன்றெழுத்து. சொல்வதற்குச் சுலபம்.”

அந்த மனிதருக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்! ஹால் முழுக்கப் போய், இதை ஒவ்வொரு மேசையிலும் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ஒன்று செய்து பார்த்தேன். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி லண்டன் வழி மொத்தமும் போய், நாங்கள் விடியும் வரை அழைப்பு விவரம் எழுதிய டிக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அன்று அவர் பணியில் இருந்தாரா என்று கேட்டேன். ஆண்டைச் சொன்னேன், மாதத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். “மழைக்காலத்தில் அப்படி நாலைந்து ராத்திரி வரும் மேடம். எது உங்களுடையது என்று எப்படிச் சொல்வது?” நேர்மையான ஆள்.

மதியம், நியூ ஜெர்சியில் மகளோடு இருக்கும் ஒரு தோழியைத் திரையில் அழைத்தார்கள். இணைப்பு மந்தம், பேச்சு தாமதமாக வந்தது. மண்டபத்தில் இருந்த பேரப் பிள்ளைகள் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று இடையில் புகுந்து குட்டையைக் குழப்பினார்கள். பழைய ஆபரேட்டர்கள் நாங்கள் நான்கு பேர் முன்னால் போய் உட்கார்ந்தோம். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒருத்தி பேசினாள், நிறுத்தினாள், எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். பதில் வந்தது. அடுத்தவள். இருபது நிமிடம் ஒரு வார்த்தை மோதவில்லை. தொழில்நுட்பம் பார்த்துக்கொண்டிருந்த பையன் ‘இணைப்பு சரியாகிவிட்டது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

டெலக்ஸ் அண்ணன் தன் நாடாவைக் காட்ட, கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவர் சட்டைப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். அதுவும் ஆர்ஒய். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அக்கா எனக்கு மைசூர்பாகு எடுத்துக் கொடுத்தார்.

திங்கள், கோட்டைப் பகுதி

ரயிலுக்கு நேரம் இருந்ததால் ஃபோர்ட் பக்கம் போனோம். மகாத்மா காந்தி சாலையில் விதேஷ் சஞ்சார் பவன். மாலைப் பணி முடிந்து அலுவலக வண்டிக்காகக் காத்திருந்த நடைபாதையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். எங்கள் கம்பெனியின் பெயரே 2008-இல் டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆகிவிட்டது. எதிரில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். டெலக்ஸ் அண்ணனின் படத்தில் அவர் தலைக்குப் பதில் ஒரு பஸ் வந்திருக்கிறது. திரும்ப எடுக்கலாம் என்றேன். வேண்டாம், பசிக்கிறது என்றார்.

அடுத்த கூட்டம் சென்னையில் என்று தீர்மானமாகிவிட்டது, மண்டபம் பார்க்கும் வேலை என் தலையில். ஆர்விக்காரர் மனைவியோடு வருகிறார். அவருக்குப் பாடியநல்லூரைக் காட்ட வேண்டும், அனுமதிக் கடிதத்துக்கு இப்போதே எழுதிவைக்க வேண்டும். மேடையில் ஆபரேட்டர்களுக்கு அரை மணி நேரம் தனியாகக் கேட்டிருக்கிறேன். பத்து நிமிடம் தருகிறோம் என்கிறார்கள், பேரம் நடக்கிறது. தேதி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. வடக்கத்திக்காரர்கள் ஜனவரி என்கிறார்கள், பள்ளி விடுமுறைக்குக் காத்திருப்பவர்கள் மே என்கிறார்கள். யாரோ மார்ச் என்றார்கள். சூரியத் தடை மாதம் என்று ஆர்விக்காரர் உடனே மறுத்துவிட்டார்.